கடைசித் தேதிக்கு முன்னால் இருக்கும் தேதிகள்

உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஓர் அரசு அறிவிப்பு வருகிறது. மேலே சின்னம், நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வரி, கீழே கடைசித் தேதி, ஓரத்தில் ஒரு கியூஆர் கோடு. ரெண்டு விநாடி பார்த்துவிட்டு, ‘நமக்கு இது வேணுமா’ என்று முடிவு செய்துவிடுகிறோம். அந்த ரெண்டு விநாடிக்காக ஓர் அலுவலகத்துக்குள்ளே பல நாள் வேலை நடந்திருக்கும். எழுதுபவர், வரைபவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர், அச்சடிப்பவர் என்று பலர் கைக்குப் போய்த்தான் அது உங்கள் கைக்கு வருகிறது.

இன்று பல துறைகளும் உள்ளாட்சி அமைப்புகளும் இந்த வேலையை வெளியே கொடுக்காமல், சொந்தமாக ஒரு சின்ன டிசைன் குழுவை வைத்துச் செய்கின்றன. அந்தக் குழு தேதிக்குள் வேலையை முடித்தால் உங்களுக்கு லாபம். தவறினால் நஷ்டமும் உங்களுக்குத்தான். எப்படி என்று ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். சங்கம், சுயஉதவிக் குழு, சின்னக் கடை என்று நீங்களே போஸ்டர் போடுகிறவராக இருந்தாலும் இதே முறை கைகொடுக்கும்.

ஏப்ரல் 30 யாருடைய தேதி?

தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டியது. முதல் அரையாண்டு ஏப்ரலில் தொடங்கும், இரண்டாவது அக்டோபரில். அரையாண்டு தொடங்கி முதல் 30 நாட்களுக்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை. ஒரு வீட்டுக்கு அரையாண்டு வரி 6,000 ரூபாய் என்றால் 300 ரூபாய் மிச்சம்.

இந்தச் சலுகையைப் பற்றிய போஸ்டர் ஏப்ரல் 1 அன்று உங்கள் போனுக்கு வந்தால் உங்களுக்கு முழுசாக 30 நாள் இருக்கிறது. அதே போஸ்டர் ஏப்ரல் 20 அன்று வந்தால்? கணக்குப்படி இன்னும் 10 நாள் மிச்சம்தான். ஆனால் மாதச் சம்பளக்காரர் வீட்டில் 20ஆம் தேதிக்கு மேல் கையில் காசு இருக்குமா? ஸ்கூல் ஃபீஸ், வாடகை, மளிகைக் கணக்கு எல்லாம் முடிந்திருக்கும். ‘முன்னாடியே தெரிஞ்சிருந்தா சம்பளம் வந்ததும் கட்டியிருப்பேனே’ என்பார். போஸ்டர் அழகாகத்தான் இருக்கும், தகவலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் வந்த நாள் தப்பு.

அதனால் டிசைன் குழுவுக்கான கெடு ஏப்ரல் 30 இல்லை. மக்கள் அந்தத் தகவலை வைத்து ஏதாவது செய்யக்கூடிய முதல் நாள் எதுவோ, அதுதான் கெடு. இங்கே அது ஏப்ரல் 1. மற்ற எல்லாத் தேதிகளும் இதிலிருந்துதான் வர வேண்டும்.

பின்னால் இருந்து எண்ணுங்கள்

ஊரில் கல்யாண வேலை எப்படி நடக்கும்? முகூர்த்த நாளை முதலில் குறிப்போம். அதிலிருந்து பின்னோக்கி வருவோம். பத்திரிகை எப்போது கொடுத்து முடிக்கணும், அதற்கு எப்போது அச்சாகி வரணும், அதற்கு எப்போது பெயர்களெல்லாம் முடிவாகணும் என்று. டிசைன் வேலைக்கும் இதேதான் வழி.

ஒரு மாநகராட்சியின் குழு இப்படித் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு டிசைனர், ஒரு தமிழ் எழுத்தாளர், ஒரு வீடியோக்காரர், ஓர் ஒருங்கிணைப்பாளர். மொத்தம் ஐந்து பேர்.

- ஏப்ரல் 1: செய்தி போன்களுக்கும், வார்டு அலுவலகங்களின் அறிவிப்புப் பலகைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.
- மார்ச் 29: அச்சடித்த நோட்டீஸ் வார்டு அலுவலகங்களுக்கு வந்திருக்க வேண்டும். இடையில் உள்ள நாட்கள், எங்காவது தாமதமானால் சமாளிக்க.
- மார்ச் 23: கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும்.
- மார்ச் 20: இறுதி ஒப்புதல்.
- மார்ச் 16: முதல் வடிவம் அதிகாரிகள் பார்வைக்கு.
- மார்ச் 11: வாசகத்துக்கு ஒப்புதல்.
- மார்ச் 6: வருவாய்ப் பிரிவிலிருந்து எழுத்துமூலம் கோரிக்கை.

ஒரு போஸ்டரை உட்கார்ந்து வரைய ரெண்டு நாள் போதும். ஆனால் கோரிக்கையிலிருந்து மக்கள் கைக்கு வர 26 நாள். மீதி நாளெல்லாம் எங்கே போகிறது? ஒருவர் முடித்து அடுத்தவர் எடுக்கும் வரை காத்திருப்பதில், திருத்தத்தில், அச்சில், வண்டியில் ஏற்றி அனுப்புவதில். வரைகிறவரை எவ்வளவு விரட்டினாலும் மிச்சமாவது அந்த ரெண்டு நாளில் ஒரு பகுதிதான். காத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் ஒரு வாரமே மிச்சமாகலாம்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மார்ச் 31 நிதியாண்டின் கடைசி நாள். வருவாய்ப் பிரிவு அதிகாரிகள் வசூலிலும் கணக்கு முடிப்பதிலும் மூழ்கியிருப்பார்கள். மார்ச் கடைசி வாரத்தில் ஒப்புதல் கேட்டால் கிடைப்பது கஷ்டம். அதனால்தான் இறுதி ஒப்புதல் 20ஆம் தேதிக்கே வைக்கப்பட்டிருக்கிறது. அரசு விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தத் தேதிகளைக் குறிக்க வேண்டும்.

கடைசி வார நினைவூட்டலையும் இப்போதே செய்து வைத்துவிட வேண்டும். ‘இன்னும் 7 நாட்களே’ என்ற படத்துக்கு ஏப்ரல் 22 அன்று புதிதாக ஒரு கோரிக்கை எழுத வேண்டியதில்லை. முதல் ஒப்புதலிலேயே ரெண்டும் சேர்ந்து முடிந்துவிடும்.

ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கேட்டால், மனிதர்கள் பொதுவாகக் குறைவாகத்தான் சொல்வார்கள். டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-ல் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள்: திட்டமிடல் மயக்கம். இதற்கு மருந்து எளிது. ‘எத்தனை நாள் ஆகும்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்காதீர்கள். ‘போன தடவை இதே மாதிரி வேலைக்கு எத்தனை நாள் ஆச்சு?’ என்று கேளுங்கள். அதற்காகவே ஒவ்வொரு வேலையும் வந்த தேதி, முடிந்த தேதி இரண்டையும் ஒரு நோட்டில் குறித்து வைக்க வேண்டும்.

கேட்கும்போதே முழுசாகக் கேட்கணும்

“சார், சின்ன போஸ்டர்தான். சாயங்காலத்துக்குள்ள கிடைக்குமா?”

“கிடைக்கும் மேடம். யார் படிக்கணும், எங்க ஒட்டணும், என்ன தேதின்னு மட்டும் எழுதி அனுப்பிடுங்க.”

“அது… கேட்டுச் சொல்றேன்.”

பல தாமதங்கள் இந்த உரையாடலில்தான் பிறக்கின்றன. கேட்பவருக்கே இன்னும் முடிவாகாத ஒன்றை டிசைனர் வரைய முடியாது. அதனால் ஒரு பக்கக் கோரிக்கைத் தாள் இருப்பது நல்லது. அதில் கீழே உள்ள கேள்விகள் போதும்.

1. இதை யார் படிக்க வேண்டும்?
2. படித்தவுடன் அவர் என்ன செய்ய வேண்டும்?
3. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இது பொருந்தும்?
4. எங்கெல்லாம் வரும்: போனிலா, சுவரிலா, பேருந்து நிறுத்தத்திலா?
5. எந்தெந்த மொழிகளில்?
6. சந்தேகம் வந்தால் மக்கள் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்?
7. இறுதி ஒப்புதல் தரும் ஒரே அதிகாரி யார்?

ரெண்டாவது கேள்வியைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். ‘விழிப்புணர்வு ஏற்படுத்தணும்’ என்று எழுதுவார்கள். சொத்து வரி போஸ்டரைப் படித்தவர் என்ன செய்ய வேண்டும்? வரிவிதிப்பு எண்ணை எடுத்துக்கொண்டு, இணையதளத்திலோ வரி வசூல் மையத்திலோ பணம் கட்ட வேண்டும். அப்படியென்றால் அந்த எண் பழைய ரசீதில் எங்கே இருக்கும் என்பதும் போஸ்டரில் இருக்க வேண்டும். ரெண்டாவது கேள்விக்குச் சரியான பதில் எழுதினாலே போஸ்டரில் எது வரணும், எது வேண்டாம் என்பது பாதி தெளிந்துவிடும்.

முதலில் வாசகம், அப்புறம் வண்ணம்

வாசகம் முடிவாகாமல் டிசைன் தொடங்கினால், ஒவ்வொரு சொல் மாறும்போதும் படம் முழுதும் ஆட்டம் காணும். தமிழில் இது இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் சின்னதாக நின்ற ஒரு பொத்தான் சொல், தமிழில் நீளமாகி ரெண்டு வரிக்கு இறங்கும். ஆங்கில வடிவத்தை முதலில் வரைந்துவிட்டுத் தமிழை அதற்குள் திணித்தால் எழுத்து சிறுத்துப்போகும், வரி சொல்லின் நடுவே உடையும். அதனால் தமிழ் வாசகத்தை முதலில் வைத்து இடம் ஒதுக்குவதே முறை.

எழுத்துரு இன்னொரு தொல்லை. முன்பு அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு எழுத்துமுறை இருந்தது. வானவில் ஒரு பக்கம், பாமினி ஒரு பக்கம். ஒன்றில் தட்டச்சு செய்ததை இன்னொரு கணினியில் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த புரியாத குவியலாக நிற்கும். 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக அறிவித்தது. ஆனாலும் பழைய கோப்புகள் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ‘வாசகம் யூனிகோடில் மட்டும்’ என்று கோரிக்கைத் தாளிலேயே ஒரு வரி போட்டுவிட்டால், மறுபடி தட்டச்சு செய்யும் நேரமும் அதில் நுழையும் பிழைகளும் மிச்சம்.

யூனிகோடிலும் ஒரு பொறி உண்டு. போட்டோஷாப் போன்ற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால், ‘பெண்’ என்ற சொல்லில் எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். தமிழ் படிக்கத் தெரியாத டிசைனருக்கு அது கண்ணில் படவே படாது. அதனால்தான் அச்சுக்குப் போகும் முன் தமிழ் தெரிந்த ஒருவர், இறுதிப் படத்தை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். முதலில் அனுப்பிய வாசகத்தைப் படித்தால் போதாது.

எல்லாருக்கும் ஒரே வரிசை

ஒரு குழுவுக்கு வேலை நாலு வழியில் வரும். போன், வாட்ஸ்அப், மின்னஞ்சல், காரிடாரில் நின்று சொல்வது. நாலு வழியில் வந்தால் நாலு வரிசை உருவாகும். எது முதலில் என்பது யாருக்கும் தெரியாது. கடைசியில் சத்தமாகக் கேட்டவர் வேலை முன்னால் போகும். அமைதியாக, முன்கூட்டியே கேட்டவர் வேலை பின்னால் நிற்கும்.

ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பதைப் போல, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் கொடுத்து ஒரே பட்டியலில் ஏற்றிவிடுவதுதான் தீர்வு. சுவரில் ஒரு பலகை போதும். போனில் எல்லாரும் பார்க்கும் ஒரு கூகுள் ஷீட் இருந்தாலும் போதும். அதில் நாலு கட்டம்: வந்தது, நடக்கிறது, சரிபார்ப்பில், முடிந்தது. ஒவ்வொரு வேலையும் ஓர் அட்டை. அட்டையில் பொறுப்பாளர் பெயரும் தேதியும். ஜப்பானின் டொயோட்டா கார் தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ என்ற பொறியாளர் வளர்த்தெடுத்த ‘கான்பான்’ முறையிலிருந்து வந்த பழக்கம் இது.

இந்தப் பலகையில் ஒரு கட்டுப்பாடு முக்கியம். ‘நடக்கிறது’ கட்டத்தில் ஒரு டிசைனருக்கு ஒரே நேரத்தில் ரெண்டு வேலைக்கு மேல் கூடாது. ஐந்தைத் தொடங்கி ஐந்தும் பாதியில் நின்றால், வெளியே வருவது ஒன்றும் இல்லை. ஒன்றை முடித்தால்தான் அடுத்ததை எடுக்கணும்.

காத்திருப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961-ல் நிரூபித்தது. குழுவின் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு நாளில் சராசரியாக முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நாள் கிடைக்கும். கையில் 20 வேலை, ஒரு நாளைக்கு 4 முடிகிறது என்றால் 5 நாள். ‘சாயங்காலத்துக்குள்ள கிடைக்குமா’ என்று கேட்பவருக்குக் கோபப்படாமல் இந்தக் கணக்கைக் காட்டலாம். “உங்க வேலையை முன்னால எடுத்தா, இந்தப் பட்டியல்ல எது பின்னால போகலாம்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்கலாம். பட்டியலில் ஊக்கத்தொகை போஸ்டரும், ஓர் அலுவலகத் திறப்பு விழா பேனரும் அடுத்தடுத்து இருந்தால், எது காத்திருக்கலாம் என்பது பார்த்தவுடனே தெரியும்.

‘பார்த்துட்டேன்’ என்பது ஒப்புதல் ஆகுமா?

ஆகாது. வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தாலும் ஆகாது, கட்டைவிரல் வந்தாலும் ஆகாது. ‘ஒப்புதல் அளிக்கப்படுகிறது, எண் இத்தனை, தேதி இத்தனை’ என்று ஒரே ஒருவரிடமிருந்து எழுத்தில் வர வேண்டும். ஐந்து பேர் ஐந்து திசையில் திருத்தம் சொன்னால், மூன்றாவது ஆளின் திருத்தம் முதல் ஆளின் திருத்தத்தை அழித்துவிடும். அதனால் துறைக்குள் எல்லாருடைய கருத்தையும் ஒருவர் தொகுத்து, ஒரே பட்டியலாகத் தர வேண்டும். அப்படி ரெண்டு சுற்று போதும். மூன்றாவது சுற்று வேண்டும் என்றால் தேதியும் நகரும் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

யார் எதைப் பார்ப்பது என்பதையும் பிரித்துவிட்டால் வேகம் கூடும். தொகை, சதவீதம், தேதி சரியா என்று பார்ப்பது துறையின் வேலை. எழுத்துப் பிழை பார்ப்பது எழுத்தாளரின் வேலை. வண்ணமும் அமைப்பும் டிசைனரின் வேலை. ‘நீலத்துக்குப் பதில் பச்சை போடலாமா’ என்று யோசித்துக்கொண்டே 5 சதவீதத்தை 15 சதவீதம் என்று விட்டுவிடுவது நடக்கக்கூடியதுதான்.

கோப்பின் பெயரில்கூட மோசம் போகலாம். ‘பைனல்’, ‘பைனல் 2’, ‘பைனல் புதுசு’, ‘பைனல் ஓகே’ என்று நாலு கோப்பு இருந்தால், அச்சகத்துக்குப் போவது தப்பானதாக இருக்க நிறைய வாய்ப்பு. கோரிக்கை எண், தேதி, வடிவ எண் என்று பெயர் வைத்து, ஒப்புதல் பெற்ற கோப்பை மட்டும் தனி ஃபோல்டரில் போட வேண்டும். அச்சகத்துக்குத் திறந்திருப்பது அந்த ஒரு ஃபோல்டர் மட்டும்.

ஒரே செய்தி, பல அளவு

ஒரு படம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. வாட்ஸ்அப்பில் பகிர 1080-க்கு 1080 பிக்சல் சதுரம், ஸ்டேட்டஸுக்கு 1080-க்கு 1920 நெடும்படம், அறிவிப்புப் பலகைக்கு ஏ4, பேருந்து நிறுத்தத்துக்குப் பெரிய பலகை. எந்தெந்த அளவு வேண்டும் என்று முதலிலேயே தெரிந்தால் ஒரே நாளில் எல்லாம் செய்துவிடலாம். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி வேலையாக வரிசையில் நிற்கும்.

சரிபார்ப்புக்கும் ஒரு சின்னப் பட்டியல் இருக்க வேண்டும்.

- விலை குறைந்த ஒரு போனில், வெளிச்சத்தைக் குறைத்து, வெயிலில் நின்று படித்துப் பாருங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது உலக அளவிலான இணைய அணுகல் விதி. மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து இதில் தேறாது.
- கியூஆர் கோடை அச்சடித்துச் சோதியுங்கள். எவ்வளவு தூரத்தில் நின்று ஸ்கேன் செய்வார்களோ, அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் தேவை. கையில் பிடிக்கும் நோட்டீஸில் 2 சென்டிமீட்டர் போதும். 2 மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பலகையில் 20 சென்டிமீட்டர் வேண்டும். சுற்றிலும் வெள்ளை இடம் விட வேண்டும்.
- படத்தோடு அதே தகவலை எழுத்தாகவும் அனுப்புங்கள். பார்வையற்றவர்கள் போனில் டாக்பேக் வசதியால் கேட்டுத்தான் படிக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்து அவர்களை எட்டுவதில்லை. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-ல் முதலில் வந்தபோதிலிருந்தே, எல்லாருக்கும் எட்டும்படி பக்கங்கள் இருக்க வேண்டும் என்று வலியுறுத்துகின்றன.
- படத்தை வாட்ஸ்அப்பில் அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், அச்சில் எழுத்து மங்கும். மின்னஞ்சலில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் டாக்குமென்ட்டாக இணையுங்கள்.

மழை வரிசையில் நிற்காது

எல்லா வேலைக்கும் 26 நாள் கிடைக்காது. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மாதங்களில் இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கை மாலையில் வந்தால், இரவுக்குள் மக்களுக்குச் சேர வேண்டும். அப்போது உட்கார்ந்து டிசைன் யோசிக்க முடியாது.

இதற்கான வேலையைச் செப்டம்பரிலேயே செய்து முடித்துவிட வேண்டும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வானிலை மையம் பயன்படுத்தும் நான்கு நிறங்களுக்கும் தனித்தனி அச்சுமாதிரி தயாராக இருக்கணும். நிரப்ப வேண்டியது நான்கே இடம்: மாவட்டம், எந்தத் தேதிக்கான எச்சரிக்கை, வெளியிட்ட நேரம், உதவி எண். நிற வேறுபாடு தெரியாதவர்களும் இருப்பதால் ‘ஆரஞ்சு எச்சரிக்கை’ என்று எழுத்திலும் வர வேண்டும். வாசகத்துக்கும் அமைப்புக்கும் ஒப்புதல் முன்பே வாங்கியாச்சு என்றால், மழை நாளில் நிரப்பிய நான்கு இடங்களை மட்டும் ஒருவர் சரிபார்த்தால் போதும்.

அவசர வேலைக்குப் பலகையில் தனியாக ஒரு வரிசை வைக்க வேண்டும். அதில் எது வரலாம் என்பதையும் எழுதி ஒட்டிவிட வேண்டும்: உயிர், உடல்நலம், குடிநீர், மின்சாரம், போக்குவரத்து, விடுமுறை. ‘பெரியவர் கேட்டார்’ என்பது அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது. எல்லாமே அவசரம் என்று ஆகிவிட்டால் உண்மையான அவசரத்துக்கு வழி இருக்காது.

வெளியிட்ட பிறகு

மே மாதத்தில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் ‘ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம்’ என்ற பலகை இன்னும் தொங்கினால் என்ன ஆகும்? ஒருவர் அவசரமாகப் பணம் கட்டுவார், சலுகை கிடைக்கவில்லை என்று கவுன்டரில் சண்டை போடுவார். பலகை வைப்பதற்கு ஒரு தேதி இருப்பதுபோல, எடுப்பதற்கும் ஒரு தேதி வேண்டும். அந்த வேலைக்கும் ஒரு பெயர் எழுதியிருக்க வேண்டும்.

மழை விடுமுறைப் படங்களில் இது இன்னும் ஆபத்து. போன வருடத்துப் படம் இந்த வருடம் குடும்ப குரூப்பில் சுற்றும். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வார்கள். சில சமயம் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். கிழமை, தேதி, ஆண்டு மூன்றும் படத்துக்குள்ளேயே பெரிதாக இருந்தால், யார் எத்தனை முறை ஃபார்வர்டு செய்தாலும் பழசு என்று தெரிந்துவிடும். ‘நாளை விடுமுறை’ என்று மட்டும் போடும் படம் ஒவ்வொரு நாளும் புதிதாகவே தெரியும்.

தவறு வெளியே போய்விட்டால்? அமைதியாகப் படத்தை மட்டும் மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்த படம் மக்களிடமே இருக்கும். ‘திருத்தப்பட்டது’ என்று மேலே எழுதி, எது மாறியது என்று ஒரு வரி சேர்த்து, அதே வழிகளில் மறுபடி அனுப்ப வேண்டும். கியூஆர் கோடு ஒரு படத்துக்கு இல்லாமல் இணையப் பக்கத்துக்கு இட்டுச் சென்றால் இன்னொரு வசதி உண்டு. சுவரில் ஒட்டியது பழசாக இருந்தாலும், ஸ்கேன் செய்பவருக்குச் சரியான தகவல் கிடைக்கும்.

உங்கள் கையில் இருப்பது

அறிவிப்புப் படம் ஒன்று வந்ததும் மூன்றைப் பாருங்கள். முழுத் தேதி, அதாவது நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருக்கிறதா? வெளியிட்ட அலுவலகத்தின் பெயர் இருக்கிறதா? இணைய முகவரி இருந்தால், பெரும்பாலான அரசுத் தளங்களைப் போல ‘கவ் டாட் இன்’ என்று முடிகிறதா? இதில் ஏதாவது சந்தேகமாக இருந்தால், பகிர்வதற்கு முன்பு துறையின் இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள்.

படிக்க முடியாத எழுத்து, வேலை செய்யாத கியூஆர் கோடு, காலம் முடிந்தும் தொங்கும் பலகை ஆகியவற்றைப் பார்த்தால் ஒரு போட்டோ எடுங்கள். எந்த இடம், எந்தத் தேதி என்று குறித்து அந்த அலுவலகத்துக்கு அனுப்புங்கள். முதலமைச்சரின் உதவி மையம் 1100-க்கும் சொல்லலாம். ‘போஸ்டர் சரியில்லை’ என்பதைவிட, ‘இந்த நிறுத்தத்தில் உள்ள பலகையில் கியூஆர் கோடு திறக்கவில்லை’ என்று சொன்னால் அது நேராக ஒருவரின் வேலைப் பட்டியலில் ஏறும்.

நீங்களே உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கோ சுயஉதவிக் குழுவுக்கோ போனில் போஸ்டர் செய்கிறவர் என்றால், அடுத்த கூட்டத்துக்கு இதை முயன்று பாருங்கள். கூட்டத் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். உறுப்பினர்கள் விடுப்பு சொல்லவோ, கடை அடைக்கவோ எத்தனை நாள் முன்னால் தெரிய வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். அந்த நாளுக்கு இன்னொரு வட்டம். வாசகத்தை முடிவு செய்ய ஒரு நாள், படம் செய்ய ஒரு நாள், தலைவர் பார்த்து எழுத்தில் ஒப்புதல் தர ஒரு நாள் என்று அதற்கும் பின்னால் மூன்று வட்டம். கூட்டம் முடிந்த மறுநாள் படத்தை எடுத்துவிட ஒரு வட்டம். ஆறு வட்டத்துக்கும் பக்கத்தில் ஆறு பெயர் எழுதிவிட்டால், ‘இதை யார் பண்ணணும்’ என்று கடைசி நேரத்தில் தேட வேண்டியதில்லை.